காந்திகிராமம் ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த கஸ்தூரிபா

காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியைத் தெரியாதவங்க நம்ம குஜிலியம்பாறை கூட்டமைப்புல இருக்க மாட்டாங்க. அந்தப் பெயருக்குரிய அம்மாவைப் பத்தி எழுதணும்னு சொன்னாங்க. காந்தியின் மனைவி, பொறுமைசாலி என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

1869-ல் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். சின்ன வயதிலேயே கல்யாணம். தீட்டு பார்ப்பதுதான் ஆசாரம் என்று நம்பிய காலம் அது.

1898, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். காந்தியின் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்கள் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். அறைகளில் கழிவுநீர் போக வழியில்லை. மூத்திரச் சட்டியை வீட்டுக்காரர்களே எடுத்து ஊற்ற வேண்டும். மற்றவர்கள் சட்டியை எடுத்த கஸ்தூரிபாவுக்கு, பஞ்சமர் குடும்பத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவக் குமாஸ்தாவின் சட்டியை எடுக்கக் கை கூசியது. அழுதுகொண்டே படி இறங்கினார். சிரித்த முகத்தோடு செய்யவில்லை என்று காந்தி அவர் கையைப் பிடித்து வாசல் கதவுவரை இழுத்துப் போனார். பிற்பாடு தன் சுயசரிதையில் அதை வெட்கத்தோடு எழுதியும் வைத்தார். கையைப் பிடிச்சு இழுத்தா மனசு மாறிடுமா?

மாறவில்லை. 1915-ல் அகமதாபாத் ஆசிரமத்துக்குத் தூதாபாய், மனைவி தானிபென், குழந்தை லட்சுமி என்று ஒரு தீண்டப்படாத குடும்பம் வந்தது. வாளியில் சிந்தும் சொட்டு பட்டால் தீட்டு என்று கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் ஏசினார். நன்கொடை நின்றது. ஒரு சேட் 13,000 ரூபாய் கொடுக்க, பணக் கஷ்டம் தீர்ந்தது. அடுப்படிக் கஷ்டம் தீரவில்லை. கஸ்தூரிபாவும் மற்றப் பெண்களும் தானிபென்னுக்கு முகம் கொடுக்கவில்லை. சண்டை போடாமலே ஒருத்தியை ஒதுக்கி வைக்கிறது எப்படின்னு நமக்கா தெரியாது? குழுக் கூட்டத்துக்குன்னா எந்தத் தெருவுக்கும் போவாங்க. சில வீட்டுல மட்டும், இப்பத்தான் டீ குடிச்சேன்னு சொல்லிடுவாங்க. சின்ன அவமானங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி காந்தி கேட்டது தூதாபாயிடம்தான்; அவர் தன் மனைவியையும் அதற்குச் சம்மதிக்க வைத்தார். பொறுத்தவங்க அவங்க. பெரிய பேர் வந்தது மத்தவங்களுக்கு.

பின்னாளில் லட்சுமியைக் காந்தி தன் மகளாக ஏற்றார். மகள்னா அம்மா யாரு? பாதான்.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகா இருக்கும். ஆனால் 1938-ல், 70 வயதை நெருங்கும்போது, ஹரிஜனங்களை உள்ளே விடாத பூரி ஜெகந்நாதர் கோயிலுக்குள் கஸ்தூரிபா போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். காந்தி மனமுடைந்துபோனார், ரத்த அழுத்தம் ஏறியது. எத்தனை வருஷப் பழக்கம் பாருங்க, சாமி கும்பிடுற ஆசையோட ஆசையா கூடவே வந்து நின்னுடுச்சு. தான் செய்தது என்ன என்று புரிந்ததும் கஸ்தூரிபா தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சட்டிக்காக அழுததை விட, அந்த வயசுல இதை ஒத்துக்கிட்டதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. மறு வருஷம் ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது.

1944 பிப்ரவரி 22 அன்று, புனே ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தபோதே கஸ்தூரிபா காலமானார். கிராமத்துப் பெண்களுக்காக அவர் பேரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மா நம்ம மாவட்டத்துல காந்திகிராமத்தை ஆரம்பிச்சாங்க. அங்கே எழும்பின ஆஸ்பத்திரிக்கு வச்ச பேர், கஸ்தூரிபா.