சீட் மெத்தைகளை வைத்து ஒலியை அளந்தவர்: ஹோம் ஸ்டூடியோ சீலிங்குக்கும் வாலஸ் சேபினுக்கும் என்ன தொடர்பு?

வீட்டு அறையில் மைக் வைத்து பாட்காஸ்ட் ரெக்கார்டு செய்கிறவர்கள், ஒருகட்டத்தில் சீலிங்கை அண்ணாந்து பார்க்கத்தான் செய்வார்கள். சொரசொரப்பாக டெக்ஸ்சர் அடித்த சீலிங் என்றால் குரல் கணகணவென்று ஒலிப்பது குறையுமா? ஊகத்தில் பதில் சொல்லாமல், எண்களை வைத்துச் சொல்ல வழிசெய்தவர் வாலஸ் கிளமென்ட் சேபின். கட்டட ஒலியியல் என்ற துறையே இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

1868-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர் சேபின். 18 வயதிலேயே பட்டம் வாங்கி, ஹார்வர்டில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். பிஎச்டி வாங்கவே இல்லை. 27 வயதில் அவர் தலையில் வந்து விழுந்தது ஒரு தலைவலி. புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சரிசெய்து கொடுக்கும்படி பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் அவரிடம் ஒப்படைத்தார்.

காலி அரங்கில் எழும் ஒலி அடங்க ஐந்தரை விநாடிக்கும் மேல் ஆனது. அதற்குள் பேச்சாளர் அடுத்த வாக்கியத்துக்கே போய்விடுவார். முந்தைய சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதைத்தான் எதிர்முழக்கம் என்கிறார்கள்.

பகலில் தெரு இரைச்சல். அதனால் சேபின் இரவில்தான் வேலை செய்தார். பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் சீட் மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கி வருவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்க வைத்து, நிறுத்தி, ஒலி காதுக்குக் கேட்காமல் போகும்வரை நேரம் குறிப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி அளவீடு. விடிவதற்குள் எல்லாவற்றையும் தியேட்டரில் திருப்பி வைத்துவிட வேண்டும். மெத்தை கூடக்கூட ஒலி தேயும் நேரம் குறைந்து, கடைசியில் ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்தது.

மனுஷர் எவ்வளவு கறார் என்றால், தான் போட்டிருக்கும் உடை மாறினால் அளவீடும் மாறுகிறது என்று கண்டுபிடித்ததும், முன்பு எடுத்தவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரே மாதிரி உடையோடு மறுபடி ஆரம்பித்தார்.

இப்படியே ஆண்டுகள் ஓடின. 1898-ல் பாஸ்டனில் கட்டவிருந்த புதிய இசை அரங்குக்கு ஆலோசகராக அழைப்பு வந்தது. கையில் குவியலாக அளவீடுகள் இருந்தும் விதி ஒன்றும் பிடிபடாததால் சேபின் தயங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு மாலை, எண்களுக்குள் ஒளிந்திருந்த உறவு பளிச்சென்று தெரிந்தது. அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்கம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அதே விகிதத்தில் குறையும். அவ்வளவுதான். இன்றைய மெட்ரிக் கணக்கில், கன அளவை 0.161-ஆல் பெருக்கி மொத்த உறிஞ்சலால் வகுத்தால் விநாடி கிடைத்துவிடும். உறிஞ்சலுக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியாகப் போன ஒலி திரும்பி வராதே!

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். எல்லாப் பரப்பும் ஒலியில் 2 சதவீதம்தான் உறிஞ்சும் வெறும் பூச்சு என்று வைத்தால், காலி அறையில் விடை சுமார் 4.4 விநாடி. டெக்ஸ்சர் அடித்த சீலிங் அதைப்போல இரண்டு மடங்கு உறிஞ்சும் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 3.7-க்குத்தான் இறங்கும். அதே சீலிங் முழுக்க 80 சதவீதம் உறிஞ்சும் கெட்டியான கிளாஸ் வூல் பேனல் போட்டால் அரை விநாடிக்கு வந்துவிடும். கட்டில், திரை, துணி இருக்கும் நிஜ அறையில் எண்கள் இதைவிடக் குறைவாக இருக்கும். சிறிய அறையில் சூத்திரமும் தோராயம்தான். ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது தெளிவு.

சில மில்லிமீட்டர் மேடு பள்ளம் ஒலியைச் சிதறடிக்காதா என்று கேட்கலாம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். அதற்கு அந்தச் சொரசொரப்பு வழுவழுப்பான தரை மாதிரிதான். மிக உயர்ந்த அதிர்வெண்களில் மட்டும் கொஞ்சம் மாற்றம் தெரியும். 3 மீட்டர் உயர அறையில், தரைக்கும் சீலிங்குக்கும் இடையே 57 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் தங்கி நின்று கும்மென்று வீங்கும். அதைத் தொடக்கூட முடியாது.

சீலிங்கில் சேபினே கைவைத்த கதையும் உண்டு. பாஸ்டன் சிம்பனி ஹால் 1900 அக்டோபர் 15-ல் திறந்தபோது, ஆழமான கட்டங்கள் கொண்ட அதன் கூரை ஒலியைப் பல பக்கம் பிரித்து அனுப்பியது. அது மில்லிமீட்டர் விவகாரம் இல்லை. இன்று உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாகப் பேசப்படும் இந்த ஹாலை, ஆரம்பத்தில் சில விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அது அவரைக் காயப்படுத்தியது.

பிறகு குவாஸ்டவினோ நிறுவனத்தோடு சேர்ந்து, வளைவுக் கூரைகளுக்கு ஒலி உறிஞ்சும் ஓடுகளை உருவாக்கினார். முதலில் ரம்ஃபோர்ட் ஓடு, 1916-ல் காப்புரிமை பெற்ற அகூஸ்டோலித். பார்க்கக் கரடுமுரடான கல் மாதிரி இருக்கும். ஆனால் வேலை செய்தது கரடுமுரடு அல்ல, உள்ளே ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள். ஆர்கன் இசை உயிரில்லாமல் கேட்கிறது என்று, பின்னாளில் சில தேவாலயங்கள் இந்தத் துளைகளைப் பூச்சு போட்டு அடைத்தன. ஓட்டின் தோற்றம் ஏறக்குறைய அப்படியே இருந்தது, எதிர்முழக்கம் திரும்பி வந்தது. துளையுள்ள சீலிங் டைல் மேல் கெட்டியாக பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் விமானப்படை தொடர்பான வேலைகளில் இறங்கியவர், உடல்நலம் கெட்ட பிறகும் ஓயவில்லை. சிறுநீரகத் தொற்றுக்கான அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். மனைவி ஜேன் ஒரு மருத்துவர் என்பதை நினைத்தால் இது இன்னும் வலிக்கிறது. 1919 ஜனவரி 10-ல், 50 வயதில் இறந்தார். அவருக்காகவே இல்லினாய்ஸ் மாநிலத்தில் ரிவர்பேங்க் என்ற ஒலி ஆய்வகத்தைக் கட்டியிருந்தார் ஜார்ஜ் ஃபேபியன் என்ற செல்வந்தர். அதில் வேலையைத் தொடங்க சேபின் இல்லை. பொறுப்பேற்றவர் அவருடைய உறவினரான இயற்பியலாளர் பால் சேபின்.