அறிஞர் பாபா

பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளின்மேலும் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளின்மேலும் இரவும் பகலும் ஓயாத மழையொன்று பொழிகின்றது. அது நீர்மழையன்று, கண்ணுக்குப் புலனாகாத துகள்மழை. விண்வெளியினின்று பெருவிரைவோடு வரும் புரோட்டான்கள், காற்றுமண்டலத்தின் உயரத்தே அணுக்கருக்களோடு மோதுகின்றன. அம்மோதலில் பிறக்கும் துகள்கள் சிதைந்து, மியூவான் என்னும் அடிப்படைத் துகள்கள் உண்டாகின்றன. விரித்த உள்ளங்கையில் ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக இவை விழுகின்றன.

மியூவானின் வாழ்நாள் மிகச் சிறிது. நொடியொன்றைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு கூறுக்குச் சற்று மிகுதியான காலமே அது சராசரியாக வாழும். அதற்குள் ஒளியின் விரைவில் ஓடினும் 660 மீட்டர் கடத்தலே கூடும். பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே பிறந்த துகள் மண்ணை வந்தடைவது எங்ஙனம்? இதற்கு விடையாகும் கருத்தை 1938-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா ஆவர்.

இன்று மும்பை எனப்படும் பம்பாயில், 1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், பார்சிக் குடும்பமொன்றில் பாபா பிறந்தார். 1927-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அவர் பொறியியல் கற்று, ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணியாற்றவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மைந்தரின் உள்ளமோ இயற்பியலில் தோய்ந்து நின்றது. அதனை ஒளியாது தந்தைக்குக் கடிதம் எழுதினார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் கணிதம் கற்கவும் பொருளுதவுவதாகத் தந்தையார் இசைந்தார். பாபா தம் விருப்பத்தையும் விடவில்லை. தந்தை சொல்லையும் தட்டவில்லை. 1930-இல் பொறியியலிலும், 1932-இல் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறினார்.

பின்னர் அவர் விண்ணினின்று வரும் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். எலக்ட்ரானினும் கனத்த துகள்களைப் பற்றி 1938-இல் எழுதுகையில், தானே சிதையும் துகள் கடிகாரம் போன்றது என்று கருதினார். விரைந்தோடும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்பது ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை. ஆதலின், விரைந்தோடும் துகள் நெடிது வாழும் எனப் பாபா தெளிந்தார். 1941-இல் அமெரிக்காவில் ரோசி, ஹால் என்னும் இருவர் மலைநாட்டில் அளந்து பார்த்து, இவ்வுண்மையை நிலைநாட்டினர்.

1939-இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்த பாபா, உலகப்போர் மூண்டமையால் திரும்ப இயலாது பெங்களூரில் தங்கி, இராமன் தலைமையில் இயங்கிய இயற்பியல் துறையில் பணியாற்றினார். இடையூறாக வந்த தங்கல் நாட்டுக்கு நற்பேறாயிற்று. அயல்நாட்டுப் பதவிகளை நாடாது, ஈண்டே ஆய்வு தழைக்கவேண்டும் எனத் துணிந்தார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவர் முயற்சியால் தோன்றியது. 1948-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956-இல் அப்சரா அணுஉலை இயங்கலாயிற்று.

1966-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள், வியன்னா செல்லும் வழியில் அவர் ஏறிச்சென்ற வானூர்தி ஆல்ப்ஸ் மலையில் மோதிச் சிதைந்தது. பாபா மறைந்தார், அவர் நட்ட மரம் மறையவில்லை. ஜெனீவாவின் அருகே 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு, 2012-இல் ஹிக்ஸ் துகளை அதன் சிதைவுத் தடங்களால் கண்டறிந்த பெருங்குழுவில், அவர்தம் நிறுவனத்தாரும் இருந்தனர். அந்நிறுவனம் உதகையில் 560 சதுர மீட்டர் பரப்பில் அமைத்த கருவி, தமிழகத்தில் பொழியும் மியூவான்களை எண்ணி வருகின்றது.