சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாட்டிலும் முடிவிலாத் தொடர்களிலும் அரிய முடிவுகளைக் கண்டவர். பின்னங்களை ஏறுவரிசையில் அமைக்கும் எளிய பள்ளிக் கணக்கு, அவரும் ஹார்டியும் கண்ட புகழ்பெற்ற வாய்பாட்டுக்கு அடித்தளமாக இருந்தது என்பது பலர் அறியாதது.

இளமையும் திருச்சிராப்பள்ளித் தொடர்பும்

கணிதத்திலேயே மூழ்கியிருந்த இராமானுசன் பிற பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்தும் பட்டமின்றி வெளியேறினார். 1909 சூலையில் அவருக்கும் சானகிக்கும் திருமணம் நடந்தது. சானகியின் ஊரான இராசேந்திரம், மணப்பாறைக்கு வடக்கே காவிரியை ஒட்டிய குளித்தலைப் பகுதியில் உள்ளது. இப்பகுதி அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு மேலதிகாரியாக இருந்த ச. நாராயண ஐயர், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுப் பலகைகளில் கணக்குப் போட்டனர். இராமானுசன் தாண்டிச் செல்லும் படிகளைப் பிறர் புரிந்துகொள்ளும்படி விளக்கி எழுத வேண்டும் என்று அவர் தூண்டினார். இந்த நட்பு இல்லையேல் 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. 1914 மார்ச்சு 17 அன்று இராமானுசன் கேம்பிரிட்சுக்குக் கப்பலேறினார்.

பின்னங்களின் வரிசை

4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதங்களில் பிரித்து எழுதலாம். இவ்வாறு n என்ற எண்ணைப் பிரிக்கும் விதங்களின் எண்ணிக்கை p(n) எனப்படும். n வளர வளர இது மிக வேகமாகப் பெருகும். இதற்கு நேரடி வாய்பாடு காண்பதே சிக்கல்.

0 முதல் 1 வரை, பகுதி 5-ஐ மீறாத சுருங்கிய பின்னங்களை ஏறுவரிசையில் எழுதுவோம்:

0/1, 1/5, 1/4, 1/3, 2/5, 1/2, 3/5, 2/3, 3/4, 4/5, 1/1

இதுவே ஃபாரே வரிசை. இதில் அடுத்தடுத்துள்ள இரு பின்னங்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் எப்போதும் 1 கிடைக்கும். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டினால் இரண்டுக்கும் இடைப்பட்ட பின்னம் கிடைக்கும். 1/3, 1/2 இரண்டிலிருந்து 2/5 வருகிறது. (பின்னக் கூட்டலில் இப்படிச் செய்யும் மாணவருக்கு மதிப்பெண் போய்விடும்!)

p(n)-ஐத் தரும் சார்பு, ஓரலகு ஆரமுள்ள வட்டத்தின் மேல் ஒவ்வொரு விகிதமுறு எண்ணுக்கும் உரிய புள்ளியில் சிக்கலடைகிறது. 1/2 என்பது 180 பாகையையும் 1/3 என்பது 120 பாகையையும் குறிக்கும். ஹார்டியும் இராமானுசனும் வட்டத்தை ஃபாரே வரிசைப்படி வில்களாகப் பிரித்தனர். மேற்சொன்ன இடைப்பின்னங்களே வில்களின் எல்லைகளாயின. அளவின்படியான வரிசை வட்டத்தைப் பிரிக்க உதவியது; எந்தப் புள்ளி முக்கியமானது என்பதைப் பகுதியின்படியான வரிசை காட்டியது. பகுதி 1 உடைய புள்ளியின் பங்கு மிகப் பெரியது. பகுதி 2 ஆனால் அடுக்கேற்றத்தின் அடுக்கு பாதியாகும். 3 ஆனால் மூன்றில் ஒன்றாகும்.

மக்மகோன் என்பவர் கையாலேயே கணக்கிட்டு 200 வரையிலான அட்டவணையை உருவாக்கியிருந்தார். அதில் p(200) = 3,972,999,029,388. புதிய வாய்பாட்டின் முதல் 8 உறுப்புகளின் கூட்டுத்தொகை 3,972,999,029,388.004 என வந்தது! இக்கட்டுரை 1918-இல் வெளியானது. தோராயத்தோடு நில்லாமல் துல்லியமான விடையே கிடைக்கும் என்று விடாப்பிடியாக நம்பியவர் இராமானுசன்; சார்பியல் நுட்பங்களை அளித்தவர் ஹார்டி. இம்முறை பின்னர் வட்ட முறை எனப் பெயர் பெற்றது.

அவர்களது தொடரை முடிவின்றி நீட்டினால் அது குவியாது. 1937-இல் இராடமாக்கர் அதைச் சற்றே மாற்றிக் குவியும் தொடராக்கினார். அதற்கும் ஃபாரே பின்னங்களே துணையாயின.

இறுதி நாட்கள்

1918-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இராமானுசன் ஏற்கனவே நோயுற்றிருந்தார். 1919-இல் தாயகம் திரும்பிக் கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிச் சிகிச்சை பெற்றார். காசநோய் என்று அன்று கருதப்பட்டது. கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஒரு மருத்துவ ஆய்வு கூறியது. 32 வயதில் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவரது மனைவி சானகி 1994 வரை வாழ்ந்தார்.