நீரின் தடம் காட்டிய கணிதம்

துணியும் தண்ணீரும் பிரிக்க முடியாதவை என்பது திருப்பூர் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தண்ணீரை முறையாகக் கையாளாத தொழில் நிலைக்காது என்பதை இந்நகரம் உணர்ந்தது. ஹைட்ரஜன் வாகனங்களுக்கு மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்துக்கும் இதே பாடம் பொருந்தும்.

அக்கலத்தில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இணைந்து மின்சாரம் பிறக்கிறது. கூடவே நீரும் வெப்பமும் வெளிப்படுகின்றன. நடுவிலுள்ள படலம் ஈரமாக இருந்தால்தான் கலம் இயங்கும். ஈரம் மிகுந்துவிட்டாலோ, இருபுறமும் உள்ள கரியிழைத் தாளின் நுண்துளைகள் அடைபட்டு ஆக்சிஜன் உள்ளே செல்லாது. ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அத்தாளில் நீர் எங்கே தேங்குகிறது என்பதை, கலத்தைப் பிரிக்காமல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காண்கின்றனர். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உட்புறத்தை மீட்டெடுக்கும் கணித முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், நம் ஜி.என். ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் அவர். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, மின்பொறியியல் கற்கப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றவரை, சர் சி.வி. ராமன் இயற்பியலுக்கே மீட்டுக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரை, துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்தார். முப்பது வயதில் துறைத் தலைவர்.

என் பார்வையில், அவரது வாழ்வின் திருப்புமுனை பக்கத்து வளாகத்தில் இருந்தது. தோலின் அடிப்படைப் புரதமான கொலாஜனின் அமைப்பு அன்று உலகுக்குப் புதிர். கிண்டியில் இருந்த அவரது துறைக்கு அருகே, அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் செயல்பட்டது. அங்கிருந்து கிடைத்த மாதிரிகளை எக்ஸ் கதிருக்கு உட்படுத்தி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட வடிவத்தை 1954-இல் அறிவித்தார். தொழில் தேவைக்காக எழுந்த நிறுவனமும் உடனடிப் பயன் கருதாத ஆய்வும் அண்டை வீடுகளாக இருந்ததால் விளைந்த பலன் அது. புரத ஆய்வாளர்கள் அனைவரும் அறிந்த ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வெளிவந்தது.

1971-இல் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளியானது. நிழற்படங்களை அப்படியே அடுக்கினால் உருவம் மங்கலாகவே கிடைக்கும். ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியில் செலுத்திவிட்டு அடுக்கினால் உருவம் தெளியும். கணக்கீட்டுச் சுமையும் வெகுவாகக் குறையும் என்று அவர்கள் காட்டினர். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967-இலேயே இத்தகைய வழியைக் கண்டிருந்தனர். எனினும், இருவரின் பெயர்களையும் சுருக்கி ராம்-லாக் வடிகட்டி என்றே இன்றும் உலகம் வழங்குகிறது. மருத்துவமனை ஸ்கேனில் நிலைபெற்ற அம்முறை, இன்று எரிபொருள் மின்கலத்தின் கரியிழைகளுக்கிடையே தங்கிய நீர்த்துளியைக் காணவும் உதவுகிறது.

ஸ்கேன் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஒரு பிரிட்டிஷ் நிறுவனம். அதற்கான நோபல் பரிசு 1979-இல் கார்மக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் சென்றது. ராமச்சந்திரனுக்கு அப்பரிசு எந்த ஆய்வுக்காகவும் கிட்டவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோயால் வருந்தி, 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் மறைந்தார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு வியப்பில்லை. கணிதம் ஒரு பொதுப்பொருள். அதற்கு யாரும் வேலியிட முடியாது. ஆனால், அதைக் கருவியாகவும் சரக்காகவும் மாற்றும் திறன் உள்ள ஊருக்கே வருமானம் சேர்கிறது. கரியிழைத் தாளை ஜப்பானின் டோரே, ஜெர்மனியின் எஸ்ஜிஎல் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அதுவும் ஒருவகைத் தொழில்நுட்ப ஜவுளியே. இழைகளுக்கிடையே நீர் நகரும் விதி, வியர்வையை உறிஞ்சும் விளையாட்டுப் பனியனுக்கும் அந்தத் தாளுக்கும் ஒன்றுதான்.

தொழில்நுட்ப ஜவுளிக்கான தேசிய இயக்கத்துக்கு 2020-இல் ரூ.1,480 கோடியும், பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023-இல் ரூ.19,744 கோடியும் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் திருப்பூர் இருக்க வேண்டாமா? பிறர் தரும் வடிவமைப்புக்குத் தைத்துக்கொடுத்துக் குறைந்த லாபத்தில் உழலும் நகரம், தன் வருவாயில் சிறு பங்கையேனும் இழைகளின் இயற்பியலை ஆராயும் இளைஞர்களுக்கு ஒதுக்கலாம். கொங்கு மண்டலக் கல்லூரிகளில் அத்தகைய ஆய்வு உதவித்தொகைகளை ஏற்றுமதியாளர்கள் நிறுவலாம். உடனே என்ன லாபம் என்று மட்டும் கேட்கக் கூடாது. கொலாஜன் ஆய்வில் அக்கேள்வியை முதலில் எழுப்பியிருந்தால், கிண்டியிலிருந்து உலகுக்கு எதுவும் கிடைத்திருக்காது.