ஆல்பிரட் பியூக்கி

ஆல்பிரட் பியூக்கி (சூலை 11, 1879 - அக்டோபர் 27, 1959) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். உள் எரி பொறியிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையின் ஆற்றலைக் கொண்டே அப்பொறிக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் டர்போசார்ஜர் என்னும் கருவியைக் கண்டுபிடித்தவராக இவர் அறியப்படுகின்றார். இதற்கான முதல் காப்புரிமையை இவர் 1905 ஆம் ஆண்டில் பெற்றார். எனினும், அக்கருவி நடைமுறையில் வெற்றி பெற ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. இன்று பெருங்கப்பல்கள் முதல் சரக்குந்துகள் வரை பயன்படும் டீசல் பொறிகளில் மிகப் பெரும்பாலானவை இவருடைய கோட்பாட்டின்படியே இயங்குகின்றன.

இளமையும் கல்வியும்

பியூக்கி சுவிட்சர்லாந்தின் தொழில் நகரங்களுள் ஒன்றான விண்டர்தூரில் பிறந்தார். நீராவிப் பொறிகளுக்கும் பின்னர் டீசல் பொறிகளுக்கும் பெயர் பெற்ற சுல்சர் நிறுவனம் அந்நகரிலேயே அமைந்திருந்தது. இவருடைய தந்தையும் அந்நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். எனவே, இயந்திரங்களின் சூழலிலேயே இவர் வளர்ந்தார். சூரிச்சில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1903 இல் பட்டம் பெற்றார். அதன் பின்னர் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில காலம் பணியாற்றினார். உள் எரி பொறிகளில் ஏற்படும் வெப்ப இழப்பு குறித்த ஆர்வம் இக்காலத்தில் இவருக்கு ஏற்பட்டது.

வீணாகும் வெப்பம்

ஒரு பொறியின் உருளைக்குள் எவ்வளவு எரிபொருளை எரிக்கலாம் என்பதை அதற்குள் நுழையும் காற்றின் அளவே தீர்மானிக்கின்றது. காற்று போதாத நிலையில் எரிபொருளை மட்டும் கூட்டினால், அது முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். எனவே, கூடுதல் வலு வேண்டுமெனில் உருளையைப் பெரிதாக்க வேண்டும்; அல்லது அதே உருளைக்குள் காற்றை அழுத்திச் செலுத்த வேண்டும்.

காற்றை முன்கூட்டியே அழுத்திச் செலுத்தும் எண்ணம் பியூக்கிக்கு முன்னரே இருந்தது. ருடோல்ப் டீசலும் 1890களில் இதனைச் சோதித்துப் பார்த்தார். ஆனால், அழுத்தும் கருவியை இயக்குவதற்குப் பொறியின் வலுவிலேயே ஒரு பகுதி செலவானதால் பயனுறுதிறன் குறைந்தது. எனவே அவர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையுடன் வெளியேறி விடுகின்றது. இவ்விழப்பிலேயே பியூக்கி தீர்வைக் கண்டார். வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு விசையாழியைச் சுழற்றி, அவ்விசையாழியைக் கொண்டு காற்றழுத்தியை இயக்கினால், பொறியின் வலுவைச் செலவழிக்காமலேயே காற்றை அழுத்தலாம் என்பது இவருடைய கருத்தாகும்.

1905 ஆம் ஆண்டுக் காப்புரிமை

பியூக்கியின் கருத்துக்கு நவம்பர் 16, 1905 நாளிட்ட, 204630 என்னும் எண்ணுடைய செருமானியக் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்போது இவருக்கு வயது 26. காற்றழுத்தி, ஆடுதண்டுப் பொறி, விசையாழி ஆகிய மூன்றும் ஒரே தண்டில் இணைக்கப்பட்ட கூட்டுப் பொறி ஒன்றை அதில் இவர் விவரித்திருந்தார். விசையாழியும் அழுத்தியும் பொறியின் தண்டுடன் இணையாமல் தனித்துச் சுழலும் இன்றைய அமைப்பு பின்னாளில் உருவானதாகும்.

கோட்பாடு சரியாக இருந்தபோதிலும், அதனைச் செயற்படுத்தும் வசதி அக்காலத்தில் இல்லை. அன்றைய காற்றழுத்திகளும் விசையாழிகளும் குறைந்த பயனுறுதிறன் கொண்டவை. கடும் வெப்பத்தில் மிக வேகமாகச் சுழலும் விசையாழித் தகடுகளுக்கு ஏற்ற உலோகக் கலவைகளும் கிடைக்கவில்லை.

தோல்விகளின் காலம்

தாயகம் திரும்பிய பியூக்கி சுல்சர் நிறுவனத்தில் இணைந்து தம் ஆய்வைத் தொடர்ந்தார். 1911 இல் அங்கு இதற்கெனச் சோதனை நிலையம் அமைக்கப்பட்டது. 1915 இல் ஒரு முன்மாதிரி உருவாக்கப்பட்டது. ஆயினும் அது நம்பகமாக இயங்கவில்லை. உற்பத்தி நிலையையும் எட்டவில்லை.

இதே காலத்தில் முதலாம் உலகப் போரின் காரணமாக வானூர்திப் பொறிகளில் இம்முறை கவனம் பெற்றது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் பொறியின் வலுவும் குறையும். இதனைச் சரி செய்யப் பிரான்சில் ஆகஸ்ட் ராட்டோ டர்போசார்ஜர்களை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்டு மாஸ், 1918 இல் கொலராடோவில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்சு மலை உச்சியில் லிபர்ட்டி வானூர்திப் பொறியில் அதனைச் சோதித்தார்.

பியூக்கியின் இலக்கு டீசல் பொறியாகவே இருந்தது. டீசல் பொறியின் புகை பெட்ரோல் பொறியின் புகையை விட வெப்பம் குறைந்தது என்பதால் விசையாழித் தகடுகள் எளிதில் சேதமடைவதில்லை. மேலும், டீசல் பொறியில் காற்று மட்டுமே அழுத்தப்பட்டுப் பின்னரே எரிபொருள் தெளிக்கப்படுவதால், காற்றை அதிகமாக ஊட்டினாலும் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும் ஆபத்து இல்லை.

துடிப்பு முறை

பியூக்கியின் இரண்டாவது பெரிய பங்களிப்பு 1925 இல் காப்புரிமை பெற்ற துடிப்பு முறையாகும். அதன் சாரம் பின்வருமாறு:

ஒவ்வோர் உருளையின் வெளியேற்று வால்வு திறக்கும்போதும் புகை ஓர் அழுத்தத் துடிப்பாகப் பாய்கின்றது. எல்லா உருளைகளின் புகையையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்தால் அத்துடிப்பு அடங்கி விடும். மேலும், ஓர் உருளையின் துடிப்பு மற்றோர் உருளை புகையை வெளியேற்றுவதற்குத் தடையாகவும் அமையும். இதனைத் தவிர்க்க, ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாத உருளைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிக் குறுகிய குழாய் அமைத்து விசையாழிக்குப் புகையைச் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 1-5-3-6-2-4 என்ற எரி வரிசை கொண்ட ஆறு உருளைப் பொறியில் 1, 2, 3 ஆகியன ஒரு குழுவாகவும் 4, 5, 6 ஆகியன மற்றொரு குழுவாகவும் அமையும். இன்றும் பல சரக்குந்துப் பொறிகளில் இப்பிரிவினையைக் காணலாம்.

இத்துடன், உள்வாங்கு வால்வும் வெளியேற்று வால்வும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்குமாறு இவர் அமைத்தார். இதனால் அழுத்தப்பட்ட புதுக்காற்று, எஞ்சிய புகையைத் துடைத்து வெளியேற்றுவதோடு வால்வுகளையும் குளிர்விக்கின்றது.

முதல் வெற்றி

1924 இல் பாடன் நகரிலிருந்த பிரவுன் போவெரி நிறுவனம் தன் முதல் டர்போசார்ஜரை உருவாக்கி, விண்டர்தூரிலிருந்த சுவிட்சர்லாந்துத் தொடருந்துப் பொறித் தொழிற்சாலைக்கு வழங்கியது. பியூக்கியின் முறைக்கு நடைமுறையில் கிடைத்த பெரிய வெற்றி செருமனியின் பிராய்சன், ஹன்செஸ்டாட் டான்சிக் ஆகிய இரு பயணிகள் கப்பல்களில் அமைந்தது. 1926 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட இக்கப்பல்களின் பத்து உருளை மான் டீசல் பொறிகளின் வலு, டர்போசார்ஜரின் துணையால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்ந்தது. இது 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட உயர்வாகும். பால்டிக் கடலில் இயங்கிய இவ்விரு கப்பல்களும் இரண்டாம் உலகப் போரின்போது, சூலை 9, 1941 அன்று சுவீடனின் ஓலாந்து தீவுக்கு அருகில் கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின.

இவ்வெற்றியைத் தொடர்ந்து பியூக்கி, பிரவுன் போவெரி, விண்டர்தூர் தொடருந்துப் பொறித் தொழிற்சாலை ஆகியோர் இணைந்து பியூக்கி கூட்டமைப்பை ஏற்படுத்தினர். பொறி உற்பத்தியாளர்களுக்கு உரிமம் வழங்குவதும், அவர்களுடைய பொறிகளுக்கு ஏற்ப டர்போசார்ஜரைப் பொருத்தித் தருவதும் இதன் பணிகளாகும்.

சரக்குந்துகளில்

கப்பலுக்கு ஏற்ற கருவியைச் சரக்குந்துக்கு ஏற்பச் சிறிதாக்குவது எளிதாக இருக்கவில்லை. கப்பல் பொறி பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவது. சரக்குந்தின் பொறியோ ஓயாமல் வேகம் மாறுவது. சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் 1938 இல் டர்போசார்ஜர் பொருத்திய சரக்குந்துப் பொறியை உருவாக்கியது. வால்வோ நிறுவனம் 1954 இல் இவ்வகைச் சரக்குந்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஒரே டர்போசார்ஜரில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறியது விரைவில் சுழலத் தொடங்கினாலும், உயர் வேகத்தில் போதிய காற்றைத் தராது. பெரியது மிகுதியான காற்றைத் தந்தாலும், சுழலத் தொடங்கத் தாமதமாகும். எனவே, இரண்டையும் தொடராக இணைக்கும் முறை உருவானது. இதில் புகை முதலில் சிறிய விசையாழியையும் பின்னர் பெரிய விசையாழியையும் சுழற்றும். காற்று முதலில் பெரிய அழுத்தியிலும் பின்னர் சிறிய அழுத்தியிலும் அழுத்தப்படும். இரண்டின் அழுத்த விகிதங்களும் ஒன்றையொன்று பெருக்கும். ஒவ்வொன்றும் 2.5 மடங்கு அழுத்தினால் மொத்தம் 6.25 மடங்காகும்.

அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் 6.4 லிட்டர் டீசல் பொறி 2008 ஆம் ஆண்டு மாதிரிகளில் இத்தகைய இரட்டை அமைப்புடன் வந்தது. டீசல் சரக்குந்து ஆர்வலர்கள் பலர் தாமாகவே இவ்வமைப்பைப் பொருத்திக் கொள்வதும் உண்டு. இவ்வாறு செய்யும்போது இரு கருவிகளின் அளவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கூடுதல் காற்றுக்கு ஏற்ப எரிபொருளையும் கூட்ட வேண்டும். அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்விக்கவும் வேண்டும். உருளைக்குள் அழுத்தம் மிகுவதால், உருளைத்தலையைப் பிணைக்கும் திருகாணிகள் வலுவாக இல்லாவிடில் அடைப்புத்தகடு சிதைந்து பொறியே பழுதடையலாம்.

மறைவும் தாக்கமும்

பியூக்கி தம் 80 ஆம் வயதில், 1959 அக்டோபர் 27 அன்று, பிறந்த ஊரான விண்டர்தூரிலேயே காலமானார். இவர் மறைந்தபோது பயணிகள் மகிழுந்துகளில் டர்போசார்ஜர் இடம்பெற்றிருக்கவில்லை. அது 1962 இல் அமெரிக்காவின் ஓல்ட்சுமொபைல், செவர்லே மகிழுந்துகளில் தொடங்கியது. டர்போ டீசல் மகிழுந்து 1978 இல் மெர்சிடிசு பென்சு நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது.

பிரவுன் போவெரி 1988 இல் மற்றொரு நிறுவனத்துடன் ஒன்றிணைந்து ஏ.பி.பி நிறுவனமாக உருவானது. அதன் டர்போசார்ஜர் பிரிவு 2022 இல் அக்செலரான் என்னும் தனி நிறுவனமாகப் பிரிந்து பாடன் நகரிலிருந்தே இயங்குகின்றது. இன்றைய பெருங்கப்பல்களின் ஈரடிப்பு டீசல் பொறிகள் எரிபொருள் ஆற்றலில் பாதியளவை உந்துவலுவாக மாற்றுகின்றன. பியூக்கி வீணாவதாகக் கண்ட வெப்பத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் டர்போசார்ஜர் இல்லாமல் இத்தகைய பொறிகளை இன்றைய வடிவில் இயக்க இயலாது.