சொல்லுக்குத் துணை தேடித் தந்தவர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லிப் பேரவைச் செயலாளர் என்னிடம் கேட்டபோது, எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் எல்லோரையும் மற்றவர்கள் ஏற்கெனவே பங்கு போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதப்போகிறவர் இன்ஜினியர் இல்லை. அணை கட்டவில்லை, பல்பு கண்டுபிடிக்கவில்லை. ஒரு டிக்ஷனரி செய்தார், அவ்வளவுதான். ஆனால் முதல் வருடம் நான் வைத்த இங்கிலீஷ் அரியரைக் கழற்றிவிட்ட புண்ணியவான் அவர்தான். பெயர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி.

முதலில் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். எனக்குச் சொந்த ஊர் செட்டிகுளம். மலைமேல் கையில் கரும்போடு முருகன் நிற்கும் ஊர். சின்ன வெங்காயம் விளையும் ஊர். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். பட்டறை போட்டு வைத்திருந்த வெங்காயத்தைப் பிரித்து விற்ற காசில்தான் அம்மா எனக்கு ஃபீஸ் கட்டினார்கள். இங்கே வந்த பிறகு லேத்தைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை. இங்கிலீஷ் பீரியடில்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இத்தனைக்கும் வார்த்தைகள் தெரியும். கிளாட் என்றால் மகிழ்ச்சி, சாரி என்றால் வருத்தம், அஃப்ரெய்ட் என்றால் பயம் என்று நோட்டு நிறைய எழுதி உருப்போட்டிருந்தேன். ஒருநாள் வகுப்பில், நீ வந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று, 'யூ கேம் ஐ ஆம் கிளாட்' என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்கு இராத்திரி தூக்கம் வரவில்லை. ரிசல்ட் வந்தபோது அந்த ஒரு பேப்பர்தான் போயிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வெங்காயக் காசு கண்முன்னால் வந்து நின்றது.

அப்போது எங்கள் ஆங்கில ஆசிரியர் லைப்ரரியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'கைடு டு பேட்டர்ன்ஸ் அண்ட் யூசேஜ் இன் இங்கிலீஷ்' என்பது அதன் பெயர். எழுதியவர் ஹார்ன்பி.

அவர் 1898-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார். 1924-இல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். கியூஷூ தீவில் ஒய்ட்டா என்ற ஊரில், வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் நடத்துவது வேலை. போன இடத்தில்தான் அவருக்கு உண்மை புரிந்தது. அந்தப் பையன்களுக்கு வேண்டியது இலக்கியம் அல்ல, மொழி! நம்மைப் போலவே அவர்களுக்கும் வார்த்தைகள் தெரியும், வாக்கியம்தான் வரவில்லை. அவர்கள் மொழியிலும் தமிழைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும்.

ஹார்ன்பி மாணவனைக் குறை சொல்லவில்லை. புத்தகத்தில்தான் குறை என்று கண்டார். அன்றைய அகராதிகள் பெரும்பாலும் ஆங்கிலேயனுக்காக ஆங்கிலேயன் செய்தவை. சொல்லுக்குப் பொருள் இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும், எது வராது என்பது இருக்காது. தாய்மொழியாகப் பேசுகிறவனுக்கு அது தேவையில்லை. நமக்கோ அதுதான் தேவை.

அந்த நாளில் டோக்கியோவில் ஹரால்டு பாமர் என்ற அறிஞர் ஆங்கிலப் போதனைக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்திவந்தார். ஹார்ன்பி அவரோடு சேர்ந்து உழைத்தார். 1936-இல் பாமர் ஊர் திரும்பிய பிறகு பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இரு நண்பர்களோடு, அயல்மொழி மாணவனுக்கென்றே ஒரு அகராதியைத் தொகுத்தார். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது! ஹார்ன்பி எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். காவலில் வைக்கப்பட்டு, 1942-இல் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே 1942-இல் அந்த அகராதி டோக்கியோவில் அச்சாகி வெளிவந்தது. எதிரி நாட்டு ஆசிரியரின் புத்தகம், போர் நடக்கும்போதே! நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதையே மறுபதிப்பாக வெளியிட்டது. இன்று உலகமெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரிக்கு மூலம் அதுதான். 1954-இல் வந்தது என் கைக்குக் கிடைத்த புத்தகம். அதில் வினைச்சொற்களை 25 அமைப்புகளாகப் பிரித்திருந்தார். பெயரடைகளுக்கு மூன்றே வகை. பின்னால் 'டு' போட்டு வினை வருவது ஒன்று, 'ஆஃப்', 'அட்' போன்ற சொல்லோடு பெயர் வருவது ஒன்று, 'தட்' போட்டு ஒரு முழு வாக்கியமே வருவது ஒன்று.

இந்த மூன்றாவது வகையைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. தமிழில் காரணம் முன்னால், உணர்ச்சி பின்னால்: நீ வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் உணர்ச்சி முன்னால், காரணம் பின்னால்: 'ஐ ஆம் கிளாட் தட் யூ கேம்'. நான் காரணத்தை முதலில் கொண்டுபோய் வைத்ததால்தான் அன்று சிரிப்பு!

இன்னொன்றும் பாருங்கள். தமிழில் வந்ததில் மகிழ்ச்சி, வராமல் போய்விடுவானோ என்று பயம், பாஸாவான் என்று உறுதி. ஒவ்வொன்றுக்கும் வால் மாறுகிறது. ஆங்கிலத்தில் கிளாட், அஃப்ரெய்ட், ஷூர் எதுவானாலும் ஒரே 'தட்' போதும். பேச்சில் அந்தத் 'தட்'டையும் விட்டுவிடலாம், தவறில்லை.

ஆனால் நட்டும் போல்ட்டும் மாதிரி மரை பொருந்த வேண்டும். பெயர்ச்சொல் வந்தால் 'ஷூர் ஆஃப் ஹிஸ் சக்சஸ்'. வாக்கியம் வந்தால் 'ஷூர் தட் ஹி வில் பாஸ்'. 'ஷூர் ஆஃப் தட் ஹி வில் பாஸ்' என்று இரண்டையும் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். எல்லாப் பெயரடையும் இதற்கு ஒத்துவராது. மனநிலை, நிச்சயம், அறிவு இவற்றைச் சொல்கிற கிளாட், சாரி, பிரவுட், சர்ப்ரைஸ்ட், ஷூர், அவேர் போன்றவை வரும்; 'ஐ ஆம் பிஸி தட்' வராது. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் தட்' என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் நடுங்குகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பல நேரம் கெட்ட செய்தியைப் பணிவாகச் சொல்லப்போகிறார் என்றே அர்த்தம்.

ஹார்ன்பி புகழோடு நின்றுவிடவில்லை. ஆங்கில ஆசிரியர்களுக்காக 1946-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1961-இல் தன் வருமானத்தின் பெரும்பகுதியை ஒதுக்கி ஒரு அறக்கட்டளை வைத்தார். பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் மேற்படிப்புப் படிக்க அது உதவி வருகிறது. 1978-இல் மறைந்தார். அவருடைய வாக்கிய எண்கள் பிற்காலப் பதிப்புகளில் மாறிவிட்டன. ஆனால் அயல்மொழி மாணவனுக்கான அகராதியில் சொல்லுக்குப் பொருளோடு அதன் துணையையும் காட்ட வேண்டும் என்ற அவருடைய பாடம் மாறவில்லை.

அடுத்த தேர்வில் அரியர் போனது. மார்க் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் வைவாவில் ஒரு கேள்வி புரியாதபோது, 'ஐ ஆம் சாரி தட் ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்' என்று தடுமாறாமல் சொன்னேன். புரியவில்லை என்பதையே சரியாகச் சொல்ல முடிந்தபோது பாதி பயம் போய்விட்டது.

ஆகவே தோழர்களே, நோட்டில் இனிமேல் தனி வார்த்தையை எழுதாதீர்கள். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒருநாளைக்கு ஒன்று போதும். நம்மைப் போல வாக்கியம் வராமல் திணறிய பையன்களுக்காக ஒரு மனிதர் தன் வாழ்நாளைச் செலவழித்திருக்கிறார். அந்தப் புத்தகம் நம் லைப்ரரி அலமாரியிலேயே இருக்கிறது. அட்டைதான் கிழிந்திருக்கிறது.