ஏர் பிடித்த கையில் எழுதுகோல்

இங்கிலாந்து நாட்டின் ஃபார்ன்ஹாம் என்னும் ஊரில், 1763ஆம் ஆண்டில் உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வில்லியம் காபெட். விதைத்த வயலில் பறவைகளை விரட்டுவதே அவர் சிறுவயதில் செய்த முதல் வேலை. முறையாகப் பள்ளியில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தந்தையே எழுதப் படிக்கக் கற்பித்தார்.

1784இல் காபெட் படையில் சேர்ந்தார். சாத்தம் படைமுகாமில், உயர் அலுவலர் ஒருவரின் மடல்களைப் படியெடுக்கும் பணி அவருக்கு வாய்த்தது. அவருடைய எழுத்தில் இலக்கணப் பிழைகள் இருக்கக் கண்ட அவ்வலுவலர், இலக்கணம் பயிலுமாறு அறிவுறுத்தினார். காபெட், லௌத் என்பார் இயற்றிய ஆங்கில இலக்கண நூலைப் பெற்று, அதனை முழுவதும் கையால் படியெடுத்து மனப்பாடம் செய்தார். காவல் பணியில் நிற்கும்போதும் அதனை மனத்துள் ஓதினார்.

அவருடைய நாள் ஊதியம் 6 பென்ஸ். செலவு போக வாரத்திற்கு 2 பென்ஸ் அளவே மிஞ்சும். தாளும் மையும் வாங்கிய நாள்களில் அரைவயிறாகக் கிடந்தார். மடிமீது வைத்த பலகையே மேசை, முதுகுப்பையே நூலடுக்கு, குளிர்கால இரவில் அடுப்புத் தீயே விளக்கு. ஒருமுறை, மறுநாள் மீன் வாங்கவெனச் சேமித்த அரைப் பென்னி தொலைந்தது. பசி தாங்காத அவ்விளைஞர், போர்வைக்குள் முகம் புதைத்துக் குழந்தைபோல் அழுதார். எனினும் கல்வியைக் கைவிடவில்லை.

பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பிரான்சிலிருந்து வந்து குடியேறியோர்க்கு ஆங்கிலம் கற்பித்தார். அவர்களுக்கென 1795இல் ஆங்கில இலக்கண நூல் ஒன்றையும் வெளியிட்டார். தாயகம் திரும்பி இதழ் நடத்தியபோது, படைவீரர்களுக்குக் கசையடி தந்ததைக் கண்டித்து எழுதினார். அதற்காக 1810 முதல் ஈராண்டுகள் சிறையிலிருந்தார்.

1817இல் மீண்டும் சிறைப்படும் நிலை நேரவே, அமெரிக்காவின் லாங் தீவிற்குச் சென்றார். அங்கிருந்து, தம் மகன் ஜேம்சுக்கு எழுதும் மடல்களாக ஓர் ஆங்கில இலக்கணம் இயற்றினார். 1818இல் வெளிவந்த அந்நூலைப் படைவீரர், மாலுமிகள், தொழில் பழகுவோர், ஏருழும் சிறுவர் ஆகியோர்க்கும் உரியதாக்கினார்.

எழுவாய் ஒருமையாயின் வினையும் ஒருமையாதல் வேண்டும் என்பது ஆங்கிலத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மரங்களின் நிழல் என்னுமிடத்து எழுவாய் நிழலே, மரங்கள் அல்ல. எனவே வினை நிழலையே தழுவும். இத்தகைய விதிகளைக் காபெட் எளிய நடையில் விளக்கினார். அகராதி இயற்றிய ஜான்சனின் எழுத்திலும் அரசரின் உரையிலும் உள்ள பிழைகளை எடுத்துக்காட்டினார். இலக்கணத்தின்முன் அரசரும் உழவரும் நிகர் என்பதை ஏழை மக்கள் உணர்ந்தனர். முறையாக எழுதத் தெரிந்தவரின் முறையீட்டை எவரும் எளிதில் புறந்தள்ள இயலாது என்பதே அவர்தம் நம்பிக்கை.

1832இல் காபெட் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1835இல் மறைந்தார். பசியோடு அவர் கற்ற இலக்கணம், பிறர்க்கு நூலாயிற்று.

பயிற்சி

1. காபெட் இலக்கணம் கற்க நேர்ந்தது எதனால்?
2. ‘பறவைகளின் கூட்டம் பறந்தது’ – இத்தொடரின் எழுவாயைக் கண்டறிக.
3. வேற்று மாநிலத்தில் வாழும் நீ, புதிய மொழி ஒன்றைக் கற்ற பட்டறிவை ஐந்து தொடர்களில் எழுதுக.